பள்ளிக்குள் நுழையாத பாடநூல்: கச்சாத்தூர் அபோவியான் – ஒரு நிகழ்வு ஆய்வு

1830-களின் இறுதியில் திப்லிஸ் (இன்றைய ஜார்ஜியத் தலைநகர் திபிலிசி) நகரத்து ஆசிரியர் ஒருவரை ஒரு கேள்வி விடாமல் அரித்தது. அவரிடம் படித்த ஆர்மேனியப் பிள்ளைகள் ரஷ்யப் புத்தகங்களையும் பிரெஞ்சுப் புத்தகங்களையும் தாமாகவே எடுத்து வாசித்தார்கள். ஆர்மேனியப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடி வைத்தார்கள். தாய்மொழி மேல் அவர்களுக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. புத்தகத்தில் இருந்தது அவர்களுடைய தாய் பேசிய மொழியே இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆசிரியர் கச்சாத்தூர் அபோவியான். கேள்விக்கு விடையாக முதலில் ஓர் அரிச்சுவடி எழுதினார். பிறகு 1841-இல் ஒரு நாவல் எழுதினார். நாவல் கையெழுத்துப் பிரதியாகவே கிடக்க, 1848 வசந்தத்தில் ஒரு விடியற்காலை வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அபோவியானைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த விடியற்காலையில் தொடங்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவர் எங்கே போனார் என்பது பெரிய கேள்விதான். ஆனால் அதைவிட அவசியமான கேள்வி அதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் படித்துவிட்டு 1836-இல் ஊர் திரும்பிய மனிதர், தம் மக்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் கற்பிக்க ஒரு பள்ளியைக் கடைசிவரை பெற முடியவில்லை. ஏன்? இந்த ஆய்வு அதைத்தான் பின்தொடர்கிறது.

வீட்டில் ஒன்று, ஏட்டில் ஒன்று

சிக்கலின் வேர் மொழியில் இருந்ததால் அங்கிருந்து தொடங்குவோம். கி.பி. 405 அளவில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் ஆர்மேனிய மொழிக்கு 36 எழுத்துகளை வகுத்தார். இடைக்காலத்தில் இன்னும் இரண்டு சேர்ந்தன. அந்த எழுத்தில் பைபிளும் வழிபாட்டு நூல்களும் வரலாறுகளும் எழுதப்பட்ட மொழிக்கு கிராபர் என்று பெயர், அதாவது எழுத்து மொழி. பேச்சு நூற்றாண்டு நூற்றாண்டாக மாறிக்கொண்டே போக, ஏடு மாறாமல் நின்றது. பேச்சு மொழியை அஷ்கார்ஹபார் என்றார்கள். உலகத்தார் பேசும் மொழி என்று பொருள் கொள்ளலாம்.

இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சில சொற்களிலேயே பார்த்துவிடலாம். ‘நான் எழுதுகிறேன்’ என்பது கிராபரில் ‘க்ரெம்’. அராரத் சமவெளிப் பேச்சில் ‘க்ரும் எம்’. ‘க்ரெம்’ என்ற வடிவம் பேச்சிலும் உண்டு, ஆனால் அங்கே அதற்கு ‘நான் எழுதட்டும்’ என்பது போன்ற பொருள். ஆகவே ஏட்டில் ‘க்ரெம்’ என்று கண்ட பிள்ளைக்குச் சொல் தெரியும், பொருள் தவறிப்போகும். ‘பள்ளியில்’ என்பதை கிராபர் முன்னால் ஒரு இடைச்சொல் வைத்து ‘இ த்ப்ரோத்ஸி’ என்கிறது. பேச்சு பின்னால் உருபு ஒட்டி ‘த்ப்ரோத்ஸும்’ என்கிறது. பன்மையிலும் இப்படியே: ‘ஹவ்’ என்ற சொல் கிராபரில் ‘ஹவ்க்’ ஆகும், பேச்சில் ‘ஹவெர்’ ஆகும். கிராபரில் அந்தச் சொல் பொதுவாகப் பறவையைக் குறித்தது, பேச்சில் அது கோழி. வேற்றுமை, காலம், பன்மை மூன்றும் இடம் மாறிவிட்ட மொழியை ஏழு வயதுப் பிள்ளை ‘தன் மொழி’ என்று ஏற்க வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பேச்சுக்கும் மேடைத் தமிழுக்கும் உள்ள தூரத்தை வைத்து இதை அளந்தால் குறைவாகவே மதிப்பிடுவோம்.

இதற்கு மேல் எழுத்துக்கூட்டும் முறையின் பாரம். ஆர்மேனிய எழுத்துகளுக்குத் தனிப் பெயர்கள் உண்டு: அய்ப், பென், கிம், தா என்று போகும். பழைய பள்ளியில் பிள்ளை முதலில் பெயர்களை மனப்பாடம் செய்து, பெயர்களைச் சொல்லியே சொல்லைக் கூட்ட வேண்டும். ‘வீடு’ என்று பொருள்படும் ‘தூன்’ என்ற சின்னச் சொல்லை எடுத்துக்கொள்வோம். அதை எழுதும் எழுத்துகளின் பெயர்கள் த்யூன், வோ, ஹ்யூன், நு. நான்கு பெயர்களை உரக்கச் சொன்ன பிறகு பிள்ளை மூன்றே ஒலி கொண்ட ‘தூன்’ என்பதற்கு வந்து சேர வேண்டும். நடுவிலுள்ள ‘ஊ’ என்ற ஒலி அந்த நான்கு பெயர்களில் எதன் முதலிலும் இல்லை. வோவும் ஹ்யூனும் சேர்ந்தால்தான் அது பிறக்கும். ஆனால் யாரும் அதைச் சொல்லித்தருவதில்லை, பிரம்பின் கீழ் பழகிக்கொள்ள வேண்டியதுதான். இப்படி எழுத்துக்கூட்டக் கற்ற கையோடு பைபிளின் சங்கீதப் புத்தகம் வரும். அதுவும் கிராபரில். எழுத்தைத் தாண்டினால் மொழி மறிக்கும்.

அச்சுக்கூடம் இல்லாததால் இந்த நிலை என்று சொல்ல முடியாது. வெனிஸ் அருகே சான் லாசரோ தீவில் மெகிதாரியர் என்ற ஆர்மேனியக் கத்தோலிக்கத் துறவிகள் 18-ஆம் நூற்றாண்டு முதலே அறிவுப் பணி செய்துவந்தார்கள். நம் சென்னையிலேயே ஷாஹமீர் ஷாஹமீரியான் என்ற ஆர்மேனிய வணிகர் 1772-இல் அச்சகம் தொடங்கினார். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியானின் கல்லறை ஆர்மேனியன் தெருத் தேவாலயத்தில் இருக்கிறது. பணம், அச்சு, படித்தவர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் அச்சேறியதில் பெரும்பகுதி கிராபர். வணிகர்களும் குருமார்களும் வாசித்தார்கள். கனகேர் கிராமத்துப் பையனுக்கு அது எட்டாத உயரம்.

கனகேரிலிருந்து தோர்ப்பாத்துக்கு

அந்தக் கனகேரில்தான் அபோவியான் 1809-இல் பிறந்தார். இன்றைய ஆர்மேனியத் தலைநகர் எரெவானை ஒட்டிய மேட்டுக் கிராமம். அப்போது பாரசீக ஆட்சிக்குட்பட்ட எரெவான் கானேட்டைச் சேர்ந்தது, சர்தார் என்ற ஆளுநரின் அதிகாரத்தில் இருந்தது. குடும்பம் ஊர்த் தலைமை வகித்த குடும்பம். பத்து வயது அளவில் பையனை ஆர்மேனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சின் மடத்தில் குருத்துவப் படிப்புக்கு விட்டார்கள். சில ஆண்டுகளில் திப்லிஸுக்கு மாறினார். அங்கே நெர்செஸ் அஷ்டரகெத்சி என்ற பேராயர் 1824-இல் திறந்த நெர்சிசியான் பள்ளியில் சேர்ந்து, ஹருத்யூன் அலம்தாரியான் என்ற கவிஞர்-ஆசிரியரிடம் படித்து 1826-இல் முடித்தார். அடுத்து வெனிஸ் போகத் திட்டம். அதே ஆண்டில் ரஷ்ய-பாரசீகப் போர் மூண்டது, பயணம் நின்றது. அவர் சனாஹின் மடத்தில் கொஞ்ச காலம் கற்பித்துவிட்டு, எச்மியாட்சினில் தலைமைக் குருவிடம் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அமர்ந்தார். 1827 அக்டோபரில் ரஷ்யப் படை எரெவான் கோட்டையைப் பிடித்தது. சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த சர்தாரின் ஆட்சி ஒரே நாளில் இல்லாமல் போனது. பின்னால் நாவலாக வந்தது இந்தக் காலம்தான்.

திருப்பம் 1829 செப்டம்பரில் வந்தது. தோர்ப்பாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரீட்ரிக் பாரட் அராரத் மலையில் ஏற எச்மியாட்சின் வந்து சேர்ந்தார். தோர்ப்பாத் என்பது இன்றைய எஸ்தோனியாவின் தார்த்து. குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பத்தொன்பது வயதுத் திருத்தொண்டர் அபோவியான் சேர்ந்துகொண்டார். நோவாவின் பேழை தங்கிய சிகரத்தை மனிதன் மிதிக்கக் கூடாது என்பது அங்கே ஆழ்ந்த நம்பிக்கை. புனித ஹகோப் என்ற துறவி ஏற முயன்றபோது தேவதூதர் பேழையின் ஒரு மரத்துண்டைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார் என்பது வழிவழிக் கதை. பாரட் தங்கிய இடமோ அகூரி கிராமத்துக்கு மேலிருந்த அதே ஹகோப் பெயரிலான மடம்.

முதல் முயற்சி மலையின் வடகிழக்குச் சரிவில். போதிய கதகதப்பான உடை இல்லாமல் தோற்றது. ஆறு நாள் கழித்து, அகூரி ஊர்த்தலைவரின் யோசனைப்படி வடமேற்குச் சரிவைப் பிடித்தார்கள். ஏறத்தாழ 4,885 மீட்டர் உயரம் வரை போய், இருட்டுவதற்குள் உச்சியை எட்ட முடியாது என்று இறங்கினார்கள். மூன்றாம் முறை அதே வழி, பனியில் கோடரியால் படி வெட்டிக்கொண்டே ஏற்றம். இன்றைய நாட்காட்டிப்படி 1829 அக்டோபர் 9 பிற்பகல் 3.15-க்கு உச்சியில் நின்றவர்கள் ஆறு பேர்: பாரட், அபோவியான், ரஷ்யச் சிப்பாய்கள் இருவர், அகூரிக் கிராமத்தார் இருவர். அபோவியான் பனியில் குழி தோண்டி ஒரு மரச் சிலுவையை நட்டார். உச்சியின் பனிக்கட்டி ஒன்றையும் எடுத்துக் கொண்டுவந்தார். அது உருகிய நீர் அவருக்குப் புனித நீர். மலை ஏறக் கூடாது என்ற நம்பிக்கையை மீறியவர்தான், ஆனால் மலையின் புனிதத்தை அவர் கைவிடவில்லை. இந்த இரட்டை நிலை அவருடைய வாழ்க்கை முழுவதும் வரும்: திருச்சபையின் பிள்ளை, திருச்சபையோடு ஒத்துப்போக முடியாத பிள்ளை. ஏறியது உண்மை என்றே அங்கே பலர் ஒப்பவில்லை.

பாரட் இந்த இளைஞரை விட்டுவிடவில்லை. அரசு உதவித்தொகை வாங்கித் தோர்ப்பாத்துக்கு வரவழைத்தார். அபோவியான் அங்கே 1830 செப்டம்பர் முதல் 1836 ஜனவரி வரை இருந்தார். பாடமொழி ஜெர்மன். வந்து இறங்கியதும் மொழியையே அடியிலிருந்து பழக வேண்டியிருந்தது. தத்துவம், இலக்கியம், வரலாறு, இயற்கை அறிவியல், ரஷ்யன், பிரெஞ்சு, லத்தீன் என்று விரித்துப் படித்தார். நாட்குறிப்பு எழுதினார். பிள்ளை எதைப் பார்த்துத் தெரிந்து வைத்திருக்கிறதோ அங்கிருந்து தொடங்கி, தெரியாததற்குப் போக வேண்டும் என்ற, சுவிஸ் கல்வியாளர் பெஸ்டலோட்சி வழிக் கல்விச் சிந்தனை அப்போது ஜெர்மன் பேசும் உலகெங்கும் பரவியிருந்தது. இந்த விதியை ஆர்மேனிய வகுப்பறையில் வைத்துப் பார்த்தால், முதல் பக்கத்திலேயே கிராபர் தடையாக நிற்கும். பிள்ளைக்குத் தெரிந்தது பேச்சு. புத்தகம் தெரியாததிலிருந்து தொடங்குகிறது.

அரிச்சுவடிக்கு ஏது பள்ளி?

1836-இல் திரும்பியவர் முதலில் தட்டியது எச்மியாட்சின் கதவை. திறக்கவில்லை. லூத்தரன் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவச் சூழலில் ஐந்து ஆண்டுக்கு மேல் கழித்துவிட்டு வந்தவர் மேல் குருமாருக்கு நம்பிக்கை இல்லை. அதே 1836-இல் ரஷ்ய அரசு ஆர்மேனியத் திருச்சபைக்கான சட்டத்தை இயற்றி, திருச்சபைப் பள்ளிகளைத் திருச்சபையின் பொறுப்பிலேயே உறுதிப்படுத்தியிருந்தது. ஆர்மேனிய மொழியில் கற்பிக்கும் பள்ளி வேண்டுமென்றால் மடத்தின் கதவைத் தவிர வேறு வாசல் இல்லை என்பதே இதன் நடைமுறை விளைவு.

மீதி இருந்தது அரசுப் பள்ளி. 1837-இல் திப்லிஸ் மாவட்டப் பள்ளியின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டு 1843 வரை பணியாற்றினார். அங்கே பாடமொழி ரஷ்யன். ஆர்மேனியம் ஓரத்தில் ஒரு பாடம். இதைச் சமாளிக்கத் தம் வீட்டிலேயே தனிப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1839-இல் எமிலியா லூசே என்ற ஜெர்மன் பெண்ணை மணந்தார். மகன் வர்தான், மகள் சர்மந்துக்த்.

இந்த ஆண்டுகளில் அவர் தயாரித்த அரிச்சுவடிக்கு ‘நகஷவீக்’ என்று பெயர், கல்விக்கு முன்வழி என்று பொருள்படும். அதன் அமைப்பில் இரண்டு முடிவுகள் கவனிக்க வேண்டியவை. எழுத்தின் பெயரைவிட ஒலிக்கு முதலிடம்: த்யூன்-வோ-ஹ்யூன்-நு என்ற சுற்றுவழி போய், பிள்ளை நேராக ஒலிகளைச் சேர்த்துச் சொல்லுக்கு வருகிறது. இரண்டாவது, வாசிக்கும் பாடம் பிள்ளைக்குக் கேட்டுப் பழகிய மொழிக்கு அருகில் இருக்க வேண்டும். முதல் முடிவு மட்டும் எடுத்திருந்தால் பயன் பாதிதான். ஒலிமுறை வேலை செய்வதே, கூட்டி முடித்ததும் வரும் சொல் ஏற்கெனவே காதில் இருப்பதால்தான். ‘த், ஊ, ன்’ என்று சேர்த்தவுடன் பிள்ளை ‘ஆ, வீடு!’ என்று கண்டுகொள்ள வேண்டும். காதில் இல்லாத கிராபர் சொல்லை ஒலியால் கூட்டினாலும் சரியா தவறா என்று பிள்ளையால் தானே சோதிக்க முடியாது. ஆசிரியர் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டும் முறையும் பேச்சு மொழியும் ஒன்றையொன்று தாங்குபவை என்பதை அபோவியான் வகுப்பறையில் கண்டார். அவருடைய கல்விப் பணியில் மிகக் கூர்மையான இடம் இது என்பது எங்கள் கருத்து.

ஆனால் இந்தப் புத்தகம் போய்ச் சேரப் பள்ளி இல்லை. திருச்சபைப் பள்ளிக்கு அதன் மொழி கொச்சை. அரசுப் பள்ளிக்கு ஆர்மேனிய அரிச்சுவடியே அவசியமில்லை. இரு பக்கமும் யாரும் அதற்கென்று சதி செய்ய வேண்டியிருக்கவில்லை; இரண்டு பள்ளி அமைப்புகளின் வரைபடத்திலும் அதற்கு ஓர் இடம் இல்லை. பாடநூல் என்பது அச்சிட்டால் மட்டும் வாழாது. அதைக் கற்பிக்கப் பழகிய ஆசிரியர், ஆண்டுதோறும் வாங்கும் பள்ளி, அதில் படித்ததைச் சோதிக்கும் தேர்வு மூன்றும் வேண்டும். அபோவியானிடம் இருந்தது வீட்டுப் பள்ளி ஒன்று.

பிரம்படியை எதிர்த்தார். பெண் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் கல்வி வேண்டும் என்று வாதாடினார். ஷில்லர், கோத்தே, கிரிலோவ் போன்றோரிடமிருந்து மொழிபெயர்த்தார். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கதைகளும் நீதிக்கவிதைகளும் எழுதினார். இவற்றில் எதுவும் அந்த அடிப்படைத் தடையை நகர்த்தவில்லை.

விடுமுறையில் பிறந்த நாவல்

பள்ளிக்கு வெளியே போய் வாசகரை உருவாக்குவது என்று அவர் எடுத்த முடிவின் விளைவுதான் ‘ஹயஸ்தானின் காயங்கள்’ (ஹயஸ்தான் என்பது ஆர்மேனியர் தம் நாட்டைச் சொல்லும் பெயர்). அதன் முன்னுரை, ஆர்மேனிய இலக்கியத்தில் ஓர் ஆசிரியர் தம் வேலையின் தோல்வியைத் திறந்து சொன்ன மிக நேர்மையான பக்கங்களில் ஒன்று. கிரீஸஸ் அரசனின் ஊமை மகன் கதையோடு தொடங்குகிறது: தந்தையின் கழுத்துக்கு வாள் வருவதைக் கண்ட கணத்தில் ஊமைக்கு நா எழுந்தது. தம் நாவும் அப்படித்தான் கட்டுண்டு கிடந்தது என்கிறார். கற்றவர்கள் கிராபரில் எழுதுகிறார்கள், ஊரார் அதை வாசிப்பதில்லை; ஊரார் கூடி உருகிக் கேட்பது அஷுக் என்னும் பாடகர்களை, அதுவும் பெரும்பாலும் துருக்கி மொழியில். அப்படியானால் தம் மக்கள் சொந்த மொழியில் உருக ஒரு புத்தகம் ஏன் இருக்கக் கூடாது? நோன்புக்கு முந்தைய பரெகெந்தான் கொண்டாட்டத்துக்காக மாணவர்கள் வீடு போயிருந்த விடுமுறையில் எழுத உட்கார்ந்தார். இடையில் வந்த மருத்துவ நண்பர் ஒருவர் படித்துப் பார்த்து, நிறுத்தாதே என்று ஊக்கினார்.

நாவலின் முதல் காட்சியும் பரெகெந்தான் நாள்தான், இடம் கனகேர். கொண்டாட்டத்தின் நடுவே சர்தாரின் ஏவலர்கள் தாகுஹி என்ற பெண்ணைத் தூக்கிச் செல்ல வருகிறார்கள். அகாசி என்ற இளைஞன் எதிர்த்து நிற்கிறான், மலைக்குத் தப்புகிறான், போர் மூள்கிறது, எரெவான் கோட்டை விழுகிறது, அந்த வெற்றியிலேயே அகாசி சாகிறான். கதைச் சட்டகம் எளிது. புத்தகத்தின் வலிமை பேச்சில் இருக்கிறது: சபதம், சாபம், தாலாட்டு, ஒப்பாரி, பாட்டிமாரின் வசை எல்லாம் கனகேர் வாயில் வந்த வடிவிலேயே ஏட்டில் ஏறின. கிராபரில் எழுதினால் இந்தப் பெண்கள் ஒருவர்கூட வாய் திறந்திருக்க முடியாது. ரஷ்யரை விடுவித்தவர்களாகப் போற்றும் புத்தகமும் இதுவே. அதே அரசின் அதிகாரிகளோடு உரசியே எழுதியவரின் வேலை நாட்கள் கழிந்தன என்பதை மறக்காமல் அந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டும்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டுப் பல பக்கம் அரற்றுவார். துருக்கி, பாரசீகச் சொற்கள் நெருக்கமாக வரும், அன்றைய பேச்சு அப்படித்தான் இருந்தது. கனகேர்ப் பேச்சு, வான் என்ற நகரப் பகுதியிலிருந்தோ கான்ஸ்டாண்டிநோப்பிளிலிருந்தோ வந்த ஆர்மேனியருக்கு எளிதில் விளங்காது. பேச்சு மொழியில் எழுதுவது என்று முடிவெடுக்கும் எவருக்கும் வரும் சிக்கல் இது: எந்த ஊர்ப் பேச்சு? கலப்பில்லாத ‘பொதுப் பேச்சு’ என்று ஒன்று எங்கும் இருந்ததில்லை. அபோவியான் தமக்குக் காது நிச்சயமாக இருந்த ஒரே பேச்சை எடுத்தார். பின்னால் வந்தவர்கள் அதை இழைத்து, கடன்சொற்களைக் குறைத்து, கிழக்கு ஆர்மேனிய எழுத்து மொழியாக்கினார்கள். இழைக்க மரம் வேண்டும். அதை வெட்டிப் போட்டவர் அவர்.

1841-இல் முடிந்த கையெழுத்துப் பிரதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை.

எரெவான், 1843–1848

1843-இல் எரெவான் மாவட்டப் பள்ளிக்கு மேற்பார்வையாளராக மாறினார். சொந்த ஊர் கூப்பிடு தூரம். அதே ஆண்டு ஆகுஸ்ட் பான் ஹாக்ஸ்ட்ஹவுசென், மோரிட்ஸ் வாக்னர் என்ற ஜெர்மன் பயணிகள் வந்தார்கள். இருவருக்கும் நாட்டைக் காட்டி, மக்களின் வழக்கங்களையும் கதைகளையும் சொன்னவர் அபோவியான். அவர்கள் ஐரோப்பாவில் எழுதிய நூல்களில் அவர் தந்த செய்திகள் நிறைய. 1845-இல் நிலவியல் அறிஞர் ஹெர்மன் அபிஹ், 1846-இல் ஆங்கிலேயர் டேன்பி சீமர் ஆகியோரின் அராரத் ஏற்றங்களிலும் கூட இருந்தார். யசீதி சமயத்தாரையும் குர்து மக்களையும் நெருங்கிப் பழகி, திப்லிஸின் ‘காவ்காஸ்’ இதழில் அவர்களைப் பற்றி எழுதினார். குர்து இனவரைவியலின் தொடக்ககால ஆவணங்களில் அவை சேரும்.

வெளியிலிருந்து வந்தவருக்கெல்லாம் தவிர்க்க முடியாதவராக இருந்த மனிதருக்கு, உள்ளூரில் ஆண்டுக்கு ஆண்டு வாசல்கள் சாத்திக்கொண்டு வந்தன. உடன் ஆசிரியர்களோடும் மேலதிகாரிகளோடும் மோதல். திப்லிஸுக்குத் திரும்பி, தாம் படித்த நெர்சிசியான் பள்ளியில் இடம் பெற முயன்றார்; எடுத்த காரியம் கூடவில்லை.

பழைய நாட்காட்டிப்படி 1848 ஏப்ரல் 2, புதிய கணக்கில் ஏப்ரல் 14. அதிகாலையில் வீட்டைவிட்டுப் போனார். மனைவி எமிலியா ஏறத்தாழ ஒரு மாதம் பார்த்திருந்த பிறகே விசாரணை தொடங்கியது. ஒரு மாதம் என்பது தடயத்துக்கு நீண்ட காலம். வசந்தத்தில் பனி உருகி எரெவான் பள்ளத்தாக்கில் சங்கு ஆறு பெருக்கெடுக்கும் பருவம் அது.

முன்வைக்கப்படும் விளக்கங்கள் நான்கு. தற்கொலை: வேலையின் முறிவும் மனச்சோர்வும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், மனைவி மக்கள் மேல் அவருக்கிருந்த பிடிப்பைக் காட்டி ஆய்வாளர் பலர் மறுக்கிறார்கள். கொலை: சர்தார் காலத்துப் பகையும் அவர் எழுத்து கிளப்பிய பகையும் காரணமாகச் சொல்லப்படும், ஆள் பெயர் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ரஷ்ய இரகசியக் காவல்துறை பிடித்துச் சைபீரியாவுக்கு அனுப்பியது: 1848 பிப்ரவரியில் பாரிசில் புரட்சி வெடித்து முதலாம் நிக்கோலாஸ் அரசு எங்கும் சந்தேகக் கண் வைத்திருந்த நேரம் என்பதால் இது பலருக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது; எல்லோரும் ஏற்கும் ஆவணம் கிடைக்கவில்லை. நான்காவது, அவரே ஐரோப்பியப் புரட்சிகளில் சேரப் போய்விட்டார் என்பது. எழுத்தாளர் அக்ஸேல் பகுந்த்ஸ் இந்தப் பக்கம் சாய்ந்தார். அபோவியானைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கி முடிக்கும் முன்பே, 1937-இல் ஸ்டாலின் ஆட்சி பகுந்த்ஸைச் சுட்டுக் கொன்றது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். நான்கில் எது நடந்திருந்தாலும், அன்று காலை அவர் கையில் ஆர்மேனிய மொழியில் கற்பிக்க ஒரு பள்ளி இல்லை. பெட்டியில் அச்சேறாத நாவல் இருந்தது.

பிறகு நடந்தது

‘ஹயஸ்தானின் காயங்கள்’ 1858-இல் திப்லிஸில் அச்சானது, எழுதி 17 ஆண்டுக்குப் பின். அதே 1858-இல் மாஸ்கோவில் ஸ்தெபானோஸ் நசரியான் ‘ஹ்யூசிசபாய்ல்’ என்ற இதழை அஷ்கார்ஹபாரில் தொடங்கினார். அவரும் அபோவியானைத் தொடர்ந்து தோர்ப்பாத் போய்ப் படித்தவர். அபோவியானின் நாவலால் தூண்டப்பட்ட பெர்ச் ப்ரோஷியான் 1860-இல் ‘சோஸும் வர்திதெரும்’ என்ற கிராமத்து நாவலை வெளியிட்டார். 1870-களில் கசரோஸ் அகாயனின் ‘மய்ரெனி லெசு’ என்ற அரிச்சுவடி ஒலிமுறையில், பேச்சுக்கு நெருங்கிய மொழியில் வந்து, அரை நூற்றாண்டு ஆர்மேனியப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. அதற்குள் அகாயனைப் போன்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், இதழ்கள் இருந்தன, வாங்கும் பள்ளிகள் இருந்தன. 1838-இல் இல்லாதவை இவைதான்.

கனகேர் வீடு 1939 முதல் நினைவு இல்லம். எரெவான் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்.

நாவலை மொழிபெயர்ப்பில் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். அதைத் தனியாக, வகுப்பறைக் குறிப்பாக, முதலில் வாசியுங்கள். அடுத்து பரெகெந்தான் காட்சியை ஒரே மூச்சில். நடுவில் வரும் நீண்ட அரற்றல்களை முதல் வாசிப்பில் விட்டுவிட்டாலும் கதை அறுபடாது. இரண்டாம் முறை அவற்றுக்குத் திரும்பி, பெண்கள் பேசும் இடங்களை மட்டும் உரக்கப் படித்துப் பாருங்கள்.